வேற்றுலகில் திருந்தியவர்கள்: சாதுவன் முதல் சுபாரு வரை

முன்னுரை

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிகளில் பயணம் செய்யும் மாணவர்களில் பலர், இன்று கைப்பேசியில் ஜப்பானிய அசைபடங்களைக் கண்டும் கதைகளைப் படித்தும் வருகின்றனர். அவற்றுள் பெருவழக்காய் உள்ள ஒரு வகைக்கு 'இசெகாய்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'வேற்றுலகம்' என்பது அதன் பொருள். நம் உலகில் வாழ்ந்த ஒருவன் இறந்தோ இழுக்கப்பட்டோ வேறோர் உலகத்தை அடைந்து அங்கே புதுவாழ்வு தொடங்குவதே இக்கதைகளின் பொது அமைப்பாகும்.

இக்கதைகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "இதில் வரும் நாயகன் சோம்பேறி, பெண்களை மதியாதவன், பெற்றோருக்குப் பயன்படாதவன். இவனைப் போய்க் கதைத் தலைவனாக ஏற்கலாமா?" என்பதே அவ்வினா. "அவன் பின்னால் திருந்துகிறானே" என்பது மாணவர் தரும் விடை. வினாவும் நேர்மையானது, விடையும் நேர்மையானது. ஆனால் திருந்துதல் என்றால் என்ன? உலகம் மாறினால் மனிதன் மாறிவிடுவானா? தீயவனாய் அறிமுகமான ஒருவன் திருந்திவிட்டான் என்பதை எதைக் கொண்டு அறிவது? இவ்வினாக்களுக்குத் தமிழிலேயே தொன்மையானதொரு விடை உள்ளது. அதனை முதலில் எடுத்துரைத்து, அதன் துணைகொண்டு இன்றைய கதைகளை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுப்புக்குரிய தலைமாந்தன்

பெருங்காப்பியத்தின் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்தது. ஆயினும் இலக்கியம் இலக்கணத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் கோவலன் மனைவியைப் பிரிந்து மாதவியிடம் சென்று பெரும்பொருளை அழித்தவன். அவனை நாம் வெறுக்கவும் முடியவில்லை. முழுமையாகப் போற்றவும் முடியவில்லை.

இக்காலத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 1954-இல் வெளிவந்த 'இரத்தக் கண்ணீர்' திரைப்படமாகும். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரம் என்னும் பாத்திரம், மேலைநாட்டுப் படிப்பின் செருக்கால் தாயையும் மனைவியையும் இழிவுபடுத்திப் பொதுமகள் ஒருத்தியிடம் செல்வத்தை இழந்து, நோயுற்று, கைவிடப்பட்டு அழிகிறது. பார்வையாளர் அவனைக் கண்டு சிரித்தனர், வெறுத்தனர், இறுதியில் இரங்கினர். ஆனால் அக்கதை அவனுக்குத் தண்டனை தருகிறதே தவிர, மறுவாழ்வு தரவில்லை. பிறருக்கு எச்சரிக்கையாக நிற்பதே அவனுக்குக் கிட்டிய பயன். தொழுநோயைத் தீவினையின் பயன்போலக் காட்டும் அக்காலப் பார்வையை இன்று நாம் ஏற்பதற்கில்லை. அது கிருமியால் வருவது. மருந்தால் முற்றிலும் குணமாவது. ஒழுக்கத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவ்வகைத் தலைமாந்தர் மீது படிப்பவருக்கு ஏன் ஈடுபாடு உண்டாகிறது? நிகரற்ற தலைவனை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். குறையுடைய தலைமாந்தனிடமோ நம் குறையையே காண்கிறோம். அவனுக்கு வழி உண்டென்றால் நமக்கும் உண்டு என்று உள்ளம் எண்ணுகிறது. இந்த நம்பிக்கையே அக்கதைகளின் வலிமை. அந்த நம்பிக்கையை மலிவாக விற்றுவிடுவதே அவற்றின் குறைபாடு.

நாகர் மலையில் சாதுவன்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகளை உடையது. உ.வே. சாமிநாதையர் அதனை 1898-இல் பதிப்பித்து வெளியிட்டார். அதன் பதினாறாம் காதையாகிய 'ஆதிரை பிச்சையிட்ட காதை' முழுவதும், நாம் மேலே கூறிய கதைவகைக்கு முன்னோடிபோல அமைந்திருப்பது வியப்புக்குரியது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன். அவன் மனைவி ஆதிரை. சாதுவன் அவளைப் பிரிந்து கணிகை ஒருத்தியிடம் சென்றான். வட்டாடியும் சூதாடியும் பொருளனைத்தையும் தொலைத்தான். பொருள் தீர்ந்ததும் அக்கணிகை, பொருளுடைய பிறரைச் சுட்டிக்காட்டி அவனை வெளியேற்றினாள். இந்நிலையிலும் சாதுவன் மனம் வருந்தி வீடு திரும்பினான் என்று சாத்தனார் கூறவில்லை. பொருள் வேட்கையால், கடல் கடக்கும் வணிகரோடு தானும் கப்பலேறினான் என்றே பாடுகிறார். அதாவது, கதை தொடங்கும்போது அவன் வெறுப்புக்குரியவன். கப்பல் புறப்படும்போதும் அவன் திருந்தாதவனே. இதனை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

காற்று கப்பலை உடைத்தது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு அலைகளால் உந்தப்பட்ட சாதுவன், ஆடையில்லாத நாகர் வாழும் மலையின் பக்கத்தை அடைந்தான். உடன் சென்றவருள் தப்பி ஊர் திரும்பிய சிலர், சாதுவனும் இறந்துபட்டான் என்றனர். அது கேட்ட ஆதிரை தீ மூட்டி அதனுள் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. தீயும் தன்னை ஏற்கவில்லையே என்று அவள் வருந்திநின்றபோது, கணவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் திரும்பி வருவான் என்று வானொலி ஒன்று உணர்த்தியது.

ஊரார் கணக்கில் சாதுவன் இறந்தவன். அவனோ வேறோர் உலகில் மரத்தடியில் களைத்து உறங்கிக் கொண்டிருந்தான். அங்கே வந்த நாகர், தனியனாய் வந்த இவன் உடம்பு நமக்கு உணவாகும் என்று எழுப்பினர். சாதுவன் அவர்கள் மொழியைப் பிழையறக் கற்றிருந்தான். அம்மொழியில் அவன் பேசியதும் அவர்கள் விலகிநின்று, தங்கள் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். வேற்றுலகத்திற்குச் செல்லும் இன்றைய கதைத் தலைவர்களுக்குத் தெய்வமோ மந்திரமோ ஓர் அரிய ஆற்றலை வழங்குகிறது. சாதுவனுக்குக் கிடைத்த ஒரே ஆற்றல், முன்னமே உழைத்துக் கற்ற ஓர் அயல்மொழி. கெட்டவனாக வாழ்ந்த காலத்திலும் அவன் கற்ற கல்வி அவனைக் கைவிடவில்லை.

கள் காய்ச்சும் பானைகளும் உலர்ந்த வெள்ளெலும்புகளும் புலால் நாற்றமும் சூழ்ந்த இடத்தில் தலைவன், பெண்கரடியோடு அமர்ந்த கரடியைப்போல், தன் மனைவியுடன் இருந்தான். சாதுவன் வந்த வரலாற்றைக் கேட்டு இரங்கிய அவன், இவ்விருந்தினனுக்கு இளம்பெண் ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் கொடுங்கள் என்று ஆணையிட்டான்.

இவ்விடமே கதையின் உயிர்நிலை. சாதுவன் எதனால் கெட்டான்? பெண்ணின்பத்தால் கெட்டான். அதே இன்பம், வேற்று மண்ணில், கேளாமலே, விலையில்லாமலே அவன் முன் வைக்கப்படுகிறது. மறுத்தால் உயிருக்கு இடர். ஏற்றுக்கொண்டால் அறியப்போவார் ஒருவருமில்லை. அவனை அறிந்த ஊர் கடலுக்கு அப்பால் உள்ளது. சாதுவன் வேண்டேன் என்று மறுத்தான். தலைவன் சினந்து, பெண்டிரும் உணவும் இல்லையெனில் உலகில் வேறு பயன் என்ன என்று வினவினான். கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் நீக்கியதன் காரணத்தையும், நல்வினை தீவினைகளின் பயனையும், உடம்பை விட்ட உயிரின் நிலையையும் சாதுவன் அமைதியாக விளக்கினான். எள்ளிச் சிரித்த தலைவன் இறுதியில் அவன் அடிபணிந்து, தங்களால் இயலக்கூடிய அறம் எது என்று கேட்டான்.

சாதுவன் தந்த விடை அவன் முதிர்ச்சியைக் காட்டும். எல்லாவற்றையும் இன்றே விடுக என்று அவன் கூறவில்லை. கப்பல் உடைந்து கரையேறும் மனிதரைக் கொல்லாது காத்திடுக. மூத்து இறந்த விலங்கின் ஊனன்றி வேறு விலங்கைக் கொன்று உண்ணாதிருப்பீராக என்றான். தான் வந்தது போலவே இனி வரப்போகும் கடலாடிகளின் உயிரை அவன் முதலில் காத்தான். தவறியவனுக்கே தவறுவோரின் நிலை தெரியும். படிப்படியாகத்தான் மனிதன் உயர்வான் என்பதும் தெரியும்.

மகிழ்ந்த தலைவன், முன்பு கப்பல் உடைந்து வந்தவரைத் தாங்கள் உண்டபோது கிடைத்தவை என்று கூறி, மணமரங்களையும் மெல்லாடைகளையும் செல்வக் குவியலையும் அளித்தான். இறந்தோர் உடைமையைச் சாதுவன் கொள்ளலாமா என்ற ஐயம் எழலாம். அதற்குக் கதை தரும் விடை அதன் முடிவில் உள்ளது. சந்திரதத்தன் கப்பலில் ஊர் திரும்பிய சாதுவன், ஆதிரையோடு வாழ்ந்து பல தானங்களைச் செய்தான். சூதில் பொருளை இறைத்த கை இப்போது பொருளை வழங்கும் கையாயிற்று.

இக்கதை காப்பியத்தில் அமைந்த இடமும் பொருள் நிறைந்தது. அமுதசுரபியில் முதற்பிச்சையை யாரிடம் பெறுவது என்று நிற்கும் மணிமேகலைக்குக் காயசண்டிகை ஆதிரையின் மனையைக் காட்டுகிறாள். மணிமேகலை யார்? கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். தன் தந்தை செய்த அதே பிழையைச் செய்த ஒருவனின் மனைவியிடம் அவள் முதற்பிச்சை பெறுகிறாள். கோவலனும் தன் பிழைக்கு வருந்தினான். ஆனால் மதுரை அவனுக்கு இரண்டாம் வாழ்வைத் தரவில்லை. அவன் தொடங்க எண்ணிய வாழ்வைத் தொடங்கியவன் சாதுவன். ஆதலின், திரும்பிவந்த கோவலன் என்று சாதுவனைக் கூறலாம்.

திருந்துதலின் நான்கு அடையாளங்கள்

சாதுவன் கதையிலிருந்து நான்கு அடையாளங்களை நாம் பிரித்தெடுக்கலாம். முதலாவது, பழைய ஆரவாரங்கள் அனைத்தும் கழன்று மனிதன் வெறுமையாய் நிற்றல். இரண்டாவது, பழைய குற்றம் புதிய வடிவில் எதிர்வரும்போது, காண்பார் இல்லாத இடத்திலும் அதனை மறுத்தல். மூன்றாவது, தன் மீட்சியோடு நின்றுவிடாமல் தன்னைப் போன்று இடர்ப்படுவோரைக் காத்தல். நான்காவது, தன்னால் துன்புற்றவரிடம் திரும்பிச் செல்லுதல்.

நான்காம் அடையாளத்தில் சாத்தனார் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். சாதுவன் ஆதிரையிடம் என்ன கூறினான், ஆதிரை அவனை எவ்வாறு ஏற்றாள் என்பவை பாடப்படவில்லை. அவன் கடலில் துன்புற்றான். அவளோ தீயினுள் புகுந்தாள். திருந்திய ஆணின் பயணத்தை விரித்துரைக்கும் கதைகள், துன்புற்ற பெண்ணின் சொல்லைச் சுருக்கிவிடும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. காதைக்கு ஆதிரையின் பெயர் சூட்டப்பட்டதும், உலகின் பசியைத் தீர்க்கும் பாத்திரத்தில் முதற்சோறு இடும் உரிமை அவளுக்குத் தரப்பட்டதும் அக்குறையை ஓரளவு நிரப்புகின்றன எனலாம்.

ஜப்பானியக் கதைகளில் இவ்வளவைகள்

இவ்வகைக் கதைகளுள் பெரிதும் பேசப்படுவது ரிஃபுஜின் நா மகோனோதே என்னும் புனைபெயருடையார் எழுதிய 'முஷோகு டென்செய்'. 'வேலையற்றவனின் மறுபிறப்பு' என்பது அதன் பொருள். 2012 முதல் 2015 வரை இணையத்தில் தொடராக வெளிவந்து, பின் நூல்களாகி, 2021-இல் அசைபடமாயிற்று. இதன் தலைமாந்தன் 34 வயதினன். பள்ளியில் பிறரால் கொடுமைப்படுத்தப்பட்டு, அன்று முதல் அறையை விட்டு வெளிவராதவன். பெற்றோரின் இறுதிச் சடங்கிற்கும் செல்லாதவன். உடன்பிறந்தோர் வீட்டைவிட்டு விரட்டியதும், சாலையில் சரக்குந்தின் முன் சிக்கவிருந்த மாணவரைக் காக்க முயன்று இறக்கிறான். வேற்றுலகில் ரூடியஸ் என்னும் குழந்தையாய்ப் பிறக்கிறான். இம்முறை வீணாக்காமல் வாழ்வேன் என உறுதி கொள்கிறான்.

முதல் அடையாளத்தில் இக்கதை சிறந்து நிற்கிறது. வீட்டு வாயிலைத் தாண்டவே அஞ்சிய அவனை, ரோக்ஸி என்னும் இளம் ஆசிரியை குதிரையில் ஏற்றி வெளியே அழைத்துச் செல்லும் இடம் படிப்பவர் உள்ளத்தைத் தொடும். அஞ்சிய மாணவனுக்கு ஆசிரியர் ஆற்றக்கூடிய மிகப்பெரிய உதவி அதுவே. இரண்டாம் வாழ்வின் தந்தை இறந்தபோதுதான் முதல் வாழ்வின் பெற்றோரை எண்ணி அவன் வருந்துகிறான் என்பதும் ஆழமான அமைப்பு.

ஆயின் இரண்டாம் அடையாளத்தில் கதை தளர்கிறது. பெண்களிடத்தும் சிறுமியரிடத்தும் அவனுக்கிருந்த இழிந்த பார்வை புதிய உலகிலும் தொடர்கிறது. ஆசிரியர் அதனைப் பல இடங்களில் நகைச்சுவையாக்கி விடுகிறார். குற்றத்தைக் குற்றமென்று காட்டுவது வேறு. அதனைச் சிரிப்புக்குரியதாக்கிப் படிப்பவரையும் உடந்தையாக்குவது வேறு. உலகெங்கும் இக்கதை பெற்ற கண்டனத்தின் காரணம் இதுவே. நான்காம் அடையாளமோ அங்கே இயலாததாகிவிடுகிறது. முதல் உலகில் அவன் துன்புறுத்திய உடன்பிறந்தாரிடம் திரும்பிச் செல்ல வழியே இல்லை. இறப்பு அவ்வாயிலை அடைத்துவிட்டது.

டாப்பெய் நாகாட்சுகி எழுதிய 'ரீ:ஜீரோ' 2012-இல் இணையத்தில் தொடங்கி, 2016-இல் அசைபடமானது. இதன் தலைமாந்தன் சுபாரு பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியவன். கடைக்குச் சென்று திரும்பும் வழியில் திடீரென வேற்றுலகில் நிற்கிறான். அவன் இறந்தால் காலம் பின்னோக்கிச் சென்று, முன்னொரு கட்டத்திலிருந்து வாழ்வு மீண்டும் தொடங்கும். இத்தகைய ஆற்றல் இருந்தும் அவன் சிறுமைப்படுகிறான். தான் விரும்பும் எமிலியாவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவள் விருப்பத்திற்கு மாறாக அரசவையில் புகுந்து, தற்பெருமை பேசி, அவளையும் தலைகுனிய வைக்கிறான். யூலியஸ் என்னும் வீரனிடம் போட்டியிட்டுத் தோற்கிறான். உனக்காகவே அனைத்தும் செய்தேன் என்று எமிலியாவிடம் நன்றிக்கடன் கேட்கிறான். அவள் அவனைப் பிரிகிறாள்.

இவ்விடத்தில் ஆசிரியர் தன் தலைமாந்தனுக்குச் சலுகை காட்டவில்லை. அன்பென்று அவன் நினைத்தது தன்னலமே என்று படிப்பவர் முன் நிறுத்துகிறார். பின்னர் அவன் தன் பயனின்மையைத் தானே ஒளிவின்றிக் கூறி, ரெம் என்னும் பெண்ணின் சொல்லால் தேறி, ஒன்றுமில்லா நிலையிலிருந்து தொடங்குகிறான். அடுத்து அவன் செய்வது குறிப்பிடத்தக்கது. பிறர் உதவியைப் பணிந்து கேட்கிறான். யூலியஸிடமே தன் பிழையை ஒப்புக்கொண்டு பொறுத்தருள வேண்டுகிறான். எண்ணற்ற முறை இறந்து மீண்டதைவிட, ஒரு முறை தலைவணங்கியதே அவனை மாற்றியது. இவ்வகையில் சுபாரு சாதுவனுக்கு நெருங்கிய உறவினன் எனலாம்.

மேலைநாட்டுக் கதைகள் இரண்டு

இவ்வகைப் படைப்பு ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. சி.எஸ். லூயிஸ் 1952-இல் வெளியிட்ட நார்னியா வரிசை நூலொன்றில் யூஸ்டஸ் என்னும் சிறுவன் வருகிறான். உடன் வந்தோரை ஓயாது பழிக்கும் அவன், பேராசையோடு பறவைநாகத்தின் புதையல் மேல் உறங்கி, தானே பறவைநாகமாகிவிடுகிறான். அத்தோலைத் தானே உரிக்க முயன்றும் இயலவில்லை. அஸ்லான் என்னும் சிங்கம் வலிக்க வலிக்க உரித்தபோதே மீள்கிறான். திருந்துதல் வலியுடையது, பிறர் துணையின்றி முற்றுப்பெறாதது என்பது அதன் கருத்து.

ஸ்டீபன் டொனால்ட்சன் 1977-இல் தொடங்கிய நாவல் வரிசையின் தலைமாந்தன் தாமஸ் கோவனன்ட் ஒரு தொழுநோயாளி, ஊராரால் ஒதுக்கப்பட்டவன். வேற்றுலகில் நலம் பெற்ற அவன், அவ்வுலகை வெறுங்கனவு என்றெண்ணித் தனக்கு உதவிய இளம்பெண்ணுக்கே பெருங்கொடுமை இழைக்கிறான். கனவென்றால் குற்றமில்லையா என்ற வினாவை ஆசிரியர் எழுப்புகிறார். இல்லை என்று தப்பவிடவும் இல்லை. அக்கொடுமையின் விளைவு அடுத்தடுத்த நூல்களிலும் அவனைத் தொடர்கிறது. 'வேற்றுலகம்தானே' என்று எதையும் செய்யலாம் என எண்ணும் கதைகளுக்கு இந்நூல் வரிசை தக்க மறுப்பாகும்.

ஊர் மாறச் சொன்ன அறிஞர்

மண் மாறுவதற்கும் மனம் மாறுவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரலாறு ஒன்று நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. அபூசயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றது அது. 99 பேரைக் கொன்ற ஒருவன், தனக்கு மீட்சி உண்டா என்று துறவி ஒருவரிடம் கேட்டான். இல்லை என்றார் அவர். அவரையும் கொன்று அவன் எண்ணிக்கையை 100 ஆக்கினான். பின் அறிஞர் ஒருவரை நாடினான். உனக்கும் பாவமீட்சிக்கும் இடையே தடையாக நிற்பவர் யார் என்று வினவிய அவர், இன்ன ஊருக்குச் செல், அங்கே இறைவனை வணங்கும் நன்மக்கள் இருக்கின்றனர், அவர்களோடு சேர், உன் தீய ஊருக்குத் திரும்பாதே என்றார். அவன் புறப்பட்டான், பாதி வழியில் இறந்தான். அருளின் வானவரும் தண்டனையின் வானவரும் அவன்பொருட்டு வாதிட்டனர். இரு ஊர்களுக்கும் உள்ள தொலைவு அளக்கப்பட்டது. நல்லூருக்கு ஒரு சாண் அளவு நெருங்கியிருந்தமையால் அருளின் வானவரே அவனை ஏற்றனர்.

இங்கே நாம் கருதவேண்டியவை இரண்டு. வழியில்லை என்று கூறிய சொல் இன்னோர் உயிரைப் பலிகொண்டது. வழியுண்டு என்று கூறிய அறிஞரோ நம்பிக்கையோடு ஊரும் உறவும் இன்னதென்று காட்டினார். வெறும் அறிவுரை போதாது, சூழலும் மாறவேண்டும். ஆயினும் சூழல் மாறுவதே திருந்துதல் ஆகிவிடாது. தவ்பாவின் நிபந்தனைகளை விளக்கும் இமாம் நவவி (ரஹ்), குற்றத்தை விடுதல், அதற்கு வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதிகொள்ளுதல் ஆகியவற்றோடு, பிறர் உரிமையைப் பறித்திருந்தால் அதனை உரியவரிடம் சேர்ப்பித்தலையும் நான்காவதாகக் கூறுகிறார். சாதுவன் கதையில் நாம் கண்ட நான்காம் அடையாளமும் இதுவும் ஒருங்கே இயைவது கருதத்தக்கது. சமயங்கள் வேறாயினும், துன்புற்றவரை மறந்த மீட்சி மீட்சியன்று என்பதில் அறநூல்கள் உடன்படுகின்றன.

நம் வட்டாரமும் நம் கடமையும்

1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூர், வந்தவரை ஏற்கும் மண். பழவேற்காட்டுக் கரையில் கப்பல்கள் பல நாட்டவரை இறக்கின. கும்மிடிப்பூண்டி முகாமில் ஈழத்திலிருந்து வந்தோர் வாழ்வைத் தொடங்கினர். சிப்காட் தொழிற்கூடங்களுக்கு வடமாநிலங்களிலிருந்து இளைஞர் வருகின்றனர். அவர்களுக்கு இது மொழி தெரியாத வேற்றுலகமே. சாதுவனுக்கு நாகர்மொழி பயன்பட்டதுபோல் இவர்களுக்குத் தமிழ் பயன்படுகிறது. முன்பின் அறியாத ஊரில் பழைய குறைகளைக் களைந்து உழைத்து உயர்ந்தோரும் உண்டு. அறிந்தவர் இல்லை என்ற துணிவால் கெட்டோரும் உண்டு. உலகம் மாறியது இருவருக்கும் பொது. மறுக்கத் தெரிந்தவனே உயர்ந்தான்.

சாதுவனைக் கெடுத்த சூது இன்று கைப்பேசிக்குள் புகுந்துள்ளது. இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்தோர் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்தமையால், தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-இல் அதற்கெதிரான சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. சட்டம் ஒரு வேலி. வேலியைத் தாண்டி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுவது சட்டத்தின் வேலையன்று, நம் வேலை.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டியுள்ளது. இசெகாய்க் கதைகள் பலவற்றில் இறப்பே புதுவாழ்வின் வாயிலாகக் காட்டப்படுகிறது. அது கதை அமைப்பதற்கான உத்தி மட்டுமே. சாதுவன் இறக்கவில்லை, ஊரார்தாம் அவன் இறந்தான் என்றனர். ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் உயிர் பிழைத்தமையால்தான் மறுக்கவும் திரும்பவும் கொடுக்கவும் முடிந்தது. தேர்வில் தவறியவரும், கடன்பட்டவரும், தீய நட்பில் வீழ்ந்தவரும் பற்றிக்கொள்ள ஒரு மரம் உண்டு. அது ஆசிரியராகலாம், அண்ணனாகலாம், மருத்துவமனையின் மனநல மருத்துவராகலாம். கேட்பதில் இழிவில்லை, சுபாருவும் கேட்டுத்தான் எழுந்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. தவறிய பிள்ளை திரும்பிவரும்போது நாம் எந்தச் சொல்லைச் சொல்கிறோம்? துறவியின் சொல்லையா, அறிஞரின் சொல்லையா? திருந்தியவனை அவன் பழைய பெயராலேயே அழைத்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் புதிய ஊர் எது? அதே வேளையில், அவனால் துன்புற்ற தாய்க்கும் மனைவிக்கும் உடன்பிறந்தாளுக்கும் 'போனது போகட்டும்' என்ற சொல் நீதியாகாது. அவர்கள் பேசட்டும், அவன் கேட்கட்டும், பறித்ததைத் திருப்பித் தரட்டும். சாத்தனார் பாடாது விட்ட அந்த உரையாடல் நம் வீடுகளிலாவது நிகழ்தல் வேண்டும்.

முடிவுரை

வெறுப்புக்குரிய தலைமாந்தர் கதைகளில் வரலாம், வருவது நல்லதுமாகும். அவர்களை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு அவர்களின் தொடக்கத்தைப் பார்த்தல் போதாது. பழைய குற்றம் மீண்டும் எதிர்வந்தபோது என்ன செய்தனர், தம்மால் துன்புற்றவரிடம் திரும்பினரா என்பவற்றையே நோக்கவேண்டும். இவ்வளவுகோலைக் கையில் கொண்டு படிக்கும் மாணவர், எந்த நாட்டுக் கதையைப் படித்தாலும் அதில் மலிவானது எது, மதிப்புடையது எது என்பதைத் தாமே உணர்வர். மணிமேகலையின் பதினாறாம் காதையை உரையோடு ஒருமுறை படிக்குமாறு அவர்களை வேண்டுகிறோம். ஜப்பானியக் கதைகளை ஐயத்தோடு நோக்கும் பெரியவர்கள், பிள்ளைகள் படிப்பதில் ஒன்றையேனும் அவர்களோடு அமர்ந்து கேட்பது நலம். வேற்றுலகம் கடலுக்கு அப்பாலும் இருக்கலாம். அடுத்த தொடர்வண்டி நிலையத்திலும் இருக்கலாம். ஆனால் திருந்தியவன் திரும்பிவரும் வீட்டின் கதவு நம் கையில்தான் உள்ளது.